சூரைச்செடியின் கீழ் இருப்பவர்களுக்கு

(பங்காளர் கூடுகையில் நமது மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் இந்தக் கூடுகையில், உங்கள் காணிக்கையால் எழும்பிய ஒரு கட்டடத்தையோ வாங்கிய ஒரு கருவியையோ காட்டி ஆண்டவரைத் துதிப்பது நம் வழக்கம். பிரசவ வார்டையும் இரத்தப் பரிசோதனைக் கூடத்தையும் நீங்கள் கண்ணாரக் கண்டிருக்கிறீர்கள். இந்த முறை காட்டுவதற்கு எங்களிடம் இருப்பது கிளைச் சிகிச்சை நிலையத்தில் ஒரு சிறிய அறை. அதில் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், ஒரு திரை. அந்த அறையில் என்ன நடக்கிறது, அதற்கு ஏன் உங்கள் ஜெபமும் பணமும் வேண்டும் என்பதைச் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறோம். நாம் பேசப்போவது மனச்சோர்வு என்னும் வியாதியைப் பற்றி.

வயிற்றெரிச்சல் என்று வருகிற வியாதி

"எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு எங்கள் புறநோயாளிகள் பகுதிக்கு யாரும் வருவதில்லை. தலைவலி என்பார்கள். நெஞ்சு அடைக்கிறது, வயிறு எரிகிறது, உடம்பெல்லாம் அசதி, இராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமே இல்லை என்பார்கள். அவர்களுக்குச் சத்து ஊசியும் குளுக்கோஸ் பாட்டிலும் கிடைக்கும். ஸ்கேன் எடுப்பார்கள். ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வரும். வீட்டார், "ஒன்றுமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார், இனி என்ன சுணக்கம்?" என்று கடிந்துகொள்வார்கள். நோயாளியின் பாரம் இன்னும் கூடும்.

ஆகவேதான் இப்போது எங்கள் நர்சுகள், காரணம் பிடிபடாத வலியோடு திரும்பத் திரும்ப வருகிறவர்களிடம் ஒன்பது கேள்விகளைக் கேட்கிறார்கள். இந்தக் கேள்வித்தாள் உலகெங்கும் ஆரம்ப சிகிச்சை நிலையங்களில் வழங்கிவருவது. கடந்த இரண்டு வாரங்களில் எதிலாவது நாட்டம் இருந்ததா, தூக்கம் எப்படி, பசி எப்படி, நான் எதற்கும் உதவாதவன் என்று தோன்றுகிறதா என்று அது கேட்கும். ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தைத் தொட்டால் மருத்துவர் கவனிக்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி, சாவதே மேல் என்றோ தன்னைத் தானே வருத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததுண்டா என்பது. அந்தக் கேள்விக்குப் பலர் உடனே பதில் சொல்வதில்லை. தலை குனிந்துகொள்வார்கள். அப்படிக் கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிட்டதாகாதா என்று சிலர் அஞ்சுவதுண்டு. அப்படி ஆகாது. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்களைத்தான் நாங்கள் அதிகம் கண்டிருக்கிறோம்.

இது விசுவாசக் குறைவா?

நம் சபைகளில் இதைப் பேசும்போது முதலில் வருகிற கேள்வி இதுதான். ஜெப ஜீவியம் சரியில்லாததால் வருகிற சோர்வு என்று சொல்லிவிடுவது எளிது. எலியா தீர்க்கதரிசியை நினைத்துப்பாருங்கள். கர்மேல் மலையில் அத்தனை பெரிய வெற்றியைக் கண்ட தேவ மனிதர், யேசபேலின் ஒரு மிரட்டலைக் கேட்டு வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் என்று சாவை வேண்டிக்கொண்டார். அவருடைய விசுவாசத்தை யார் குறை சொல்ல முடியும்?

ஆண்டவர் அவருக்கு என்ன செய்தார் என்பதை வரிசையாகப் பாருங்கள். முதலில் கண்டனம் இல்லை. தூதன் அவரைத் தட்டி எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்தான். மீண்டும் தூங்க விட்டான். மறுபடியும் எழுப்பி உண்ணச் செய்தான். பிறகு ஓரேப் மலையில் ஆண்டவர் அவரைப் பேசவிட்டார். அதே முறையீட்டை இருமுறை பொறுமையாகக் கேட்டார். அதன்பின் செய்யக்கூடிய சில வேலைகளைக் கொடுத்தார். கடைசியாக, தனிமையில் இருந்தவருக்கு எலிசாவைத் துணையாகக் கொடுத்தார். உணவு, உறக்கம், கேட்கிற செவி, சிறு சிறு வேலை, ஒரு துணை. இன்று மனச்சோர்வுக்கான நல்ல சிகிச்சை என்று மருத்துவர்கள் சொல்வதில் பெரும்பகுதி இந்த அதிகாரத்திலேயே இருக்கிறது.

மிஷனெரி வரலாற்றிலும் இதற்குச் சாட்சி உண்டு. 1907இல் இந்தியா வந்த மெதடிஸ்ட் மிஷனெரி ஸ்டான்லி ஜோன்ஸ் ஐயர், ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் மனமும் உடலும் தளர்ந்து விழுந்தவர். அதை அவர் மறைக்கவில்லை. அவரே 1950இல் லக்னோவில் "நூர் மன்சில்" என்ற மனநல மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். ஒளியின் இல்லம் என்பது அந்தப் பெயரின் பொருள். நம் வேலூரிலும் 1950களின் இறுதி முதல், பாகாயத்து மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறை வளர்ந்தது. ஜெபமும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நம் முன்னோர்கள் எண்ணவில்லை.

மருத்துவர் தூரத்தில், நோயாளி ஊரில்

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் மனச்சோர்வுக்கு ஆளாகிறார் என்றது. அவர்களில் 100க்கு ஏறத்தாழ 85 பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்றும் அது சொன்னது. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இருப்பவர்களும் பெரும்பாலும் நகரங்களில். எங்கள் மலையடிவாரத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் நகரத்துக்குப் போய்வர இரண்டு பேருந்து மாற வேண்டும், ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும், "எங்கே போய் வந்தாய்?" என்று கேட்கிற ஊருக்குப் பதிலும் சொல்ல வேண்டும். முதல் முறை எப்படியோ போவார்கள். இரண்டாம் முறை போகமாட்டார்கள்.

இந்தத் தூரத்தைத் தொழில்நுட்பத்தால் கடக்கும் முயற்சி நம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் நிறுவனம் 2010இல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பத் தொடங்கியது. பேருந்துக்குள் அமர்ந்த நோயாளி, திரையில் தெரிந்த சென்னை மருத்துவரோடு பேசினார். மருந்தும் பேருந்திலேயே கிடைத்தது. பின்னர் 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கின் தொடக்கத்தில், தொலைமருத்துவத்துக்கான விதிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டது. 2022 அக்டோபர் 10ஆம் தேதி, உலக மனநல நாளன்று, "டெலி மானஸ்" என்ற இலவசத் தொலைபேசிச் சேவை தொடங்கியது. அதன் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை உங்கள் சபை அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.

எது பலன் தருகிறது?

காணிக்கை கொடுக்கிற நீங்கள், "இதனால் உண்மையில் குணமாகிறதா?" என்று கேட்பது நியாயம். மூன்று ஆராய்ச்சிகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலாவது இங்கிலாந்தில் நடந்து 2009இல் வெளியானது. பொது மருத்துவர்களிடம் வந்த 297 மனச்சோர்வு நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினர் குறித்த நேரத்தில் கணினி முன் அமர்ந்து தம் நிலையைத் தட்டச்சு செய்வார்கள். மறுமுனையில் இருந்த உளவியல் நிபுணர் அப்போதே பதில் எழுதுவார். மற்றவர்களுக்கு அவரவர் மருத்துவரின் வழக்கமான கவனிப்பு மட்டும். நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது, நிபுணரோடு உரையாடியவர்களில் 38 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். மற்றவர்களில் 24 விழுக்காட்டினர்.

இரண்டாவதும் இங்கிலாந்தில்தான், 2015இல் வெளியானது. இதில் 691 நோயாளிகள். இம்முறை மறுமுனையில் சிகிச்சை தருகிற ஆள் இல்லை. கணினியில் பாடம் பாடமாக அமைந்த பயிற்சியை நோயாளி தானே செய்ய வேண்டும். பெரும்பாலோர் ஓரிரு பாடங்களுக்கு மேல் போகவில்லை. நான்கு மாத முடிவில் வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் ஒன்றும் தெரியவில்லை. அதே ஆராய்ச்சியாளர்கள் பின்னர், பயிற்சியோடு தொலைபேசியில் ஓர் ஆள் தொடர்ந்து துணைநின்று வழிகாட்டும்படி செய்தபோது நிலைமை மேம்பட்டது.

மூன்றாவது நம் நாட்டில், கோவாவில் நடந்து 2017இல் வெளியானது. பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வுள்ள 495 பேர். மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆலோசகர்களாக்கினார்கள். ஆறு முதல் எட்டு முறை நோயாளியோடு அமர்ந்து, அன்றாடம் செய்யக்கூடிய சிறு செயல்களைத் திட்டமிட்டுச் செய்யவைத்தார்கள். மூன்று மாதத்தில், ஆலோசனை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் மனச்சோர்வு நிலையைத் தாண்டிவந்தார்கள்; பெறாதவர்களில் 39 விழுக்காட்டினர்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஒரு பாடம் விளங்குகிறது. திரை ஒரு வழி, அவ்வளவுதான். அந்த வழியே ஓர் ஆள் வந்தால் பலன் உண்டு. ஆள் வராவிட்டால் திரை வெறும் கண்ணாடிதான். ஆனால் அந்த ஆள் பெரிய பட்டம் பெற்றவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. பயிற்சியும் மேற்பார்வையும் பொறுமையும் இருந்தால் போதும்.

அந்தச் சிறிய அறை

இதை மனதில் வைத்தே எங்கள் ஏற்பாட்டை அமைத்தோம். கைப்பேசி எல்லோர் வீட்டிலும் இருக்கிறதே, வீட்டிலிருந்தபடியே பேசலாமே என்று கேட்கலாம். ஒற்றை அறை வீட்டில், மாமியார் திண்ணையிலும் பிள்ளைகள் பக்கத்திலும் இருக்க, ஒரு பெண் எதைச் சொல்வாள்? போனும் பல வீடுகளில் கணவரின் சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஆகவே எங்களுக்கு முதலில் தேவைப்பட்டது தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு. கிளை நிலையத்தில் பழைய சாமான் அறையை ஒழித்து அதைச் செய்தோம். மின்சாரம் போனால் பேச்சு அறுந்துவிடாதபடி ஒரு இன்வர்ட்டர் வைத்தோம். சிக்னல் குறையும்போது படத்தை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொள்கிறோம். இங்கிலாந்தைப் போல் தட்டச்சு இங்கே ஆகாது. எங்களிடம் வருகிறவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேச்சுதான்.

மருத்துவமனையில் இருக்கும் ஆலோசகர் வாரம் ஒருமுறை, ஏறத்தாழ முக்கால் மணி நேரம் திரையில் பேசுவார். மனநல மருத்துவர் ஒருவர் நகரத்திலிருந்து இணையவழியே ஆலோசகரின் வேலையை மேற்பார்வை செய்கிறார். மருந்து தேவையானால் எங்கள் மருத்துவர் கொடுப்பார். மனச்சோர்வு மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்பதையும், தேறியதும் தாமாக நிறுத்திவிடக் கூடாது என்பதையும் நர்சு சொல்லிச் சொல்லி அனுப்புவார். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினாலோ, புத்தி பேதலித்த அறிகுறி தெரிந்தாலோ திரையை நம்பியிருப்பதில்லை; அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வந்துவிடுகிறோம்.

ஒரு சகோதரியைப் பற்றிச் சொல்ல அவரிடமே அனுமதி பெற்றிருக்கிறோம். ஊரையும் அடையாளத்தையும் மாற்றியிருக்கிறோம். கணவரை இழந்தவர்; மகன் வாங்கிய கடன் வேறு. இரண்டு ஆண்டுகளாக வயிற்றெரிச்சல் என்று மருந்து சாப்பிட்டுவந்தார். சபைக்கும் தவறாமல் போய்வந்தார். ஜெபக் குழுவில், "இன்னும் ஒப்புக்கொடுக்காத பாவம் ஏதோ இருக்கிறது" என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் நர்சு ஒன்பது கேள்விகளையும் கேட்டபோது மதிப்பெண் 19. கடைசிக் கேள்விக்கு வெகுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "வயலுக்கு அடிக்கிற மருந்து எங்கே இருக்குன்னு பார்த்து வெச்சிருக்கேன், சிஸ்டர்" என்றார்.

அன்று நடந்தவை எளிய காரியங்கள். நர்சு அவரைத் தனியே விடவில்லை. மருத்துவர் மகனை வரவழைத்துப் பேசினார். அன்றைக்கே பூச்சி மருந்து டப்பா அந்த வீட்டை விட்டு வெளியேறியது. மகன் பயந்தார், போலீஸ் கேஸ் ஆகுமா என்று கேட்டார். தற்கொலைக்கு முயன்றவரைக்கூடத் தண்டிக்காமல் கவனிக்க வேண்டும் என்பதே 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தின் நோக்கம் என்று விளக்கினோம். சகோதரி சில நாள் மருத்துவமனையில் தங்கினார். அதன்பின் வாராந்தரப் பேச்சு அந்தச் சிறிய அறையில் தொடங்கியது.

முதல் வாரம் ஆலோசகர் கொடுத்த வேலை, காலையில் எழுந்து வாசல் தெளிப்பது மட்டும். இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டம்மாவோடு அரை மணி நேரம் பூக்கட்டுவது. முன்பெல்லாம் அவர் விரும்பிச் செய்த வேலை அது. மனம் சரியானபின் செய்யலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. செய்யச் செய்ய மனம் பின்னால் வரும் என்பதே இந்த முறையின் அடிப்படை. மூன்றாம் வாரம் அவர் வரவில்லை. திரையில் ஆலோசகர் காத்திருந்தார். நாற்காலி காலியாக இருந்தது. நர்சு மாலையில் வீட்டுக்கே போனார். பேருந்துக்குக் காசில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுப் படுத்திருந்தார் அந்தச் சகோதரி. மறுநாள் நர்சு தாமே அழைத்துவந்தார். அன்று அவர் போகாதிருந்தால் இந்தச் சாட்சியைச் சொல்ல இன்று எங்களுக்கு வாய்த்திருக்காது.

எட்டு வாரத்துக்குப் பிறகு மதிப்பெண் 8. கடன் தீரவில்லை. கணவரும் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் அவர் தூங்குகிறார், சாப்பிடுகிறார், பேரப்பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிறார். ஆண்டவருக்கே மகிமை.

கட்டிலின் நான்கு மூலைகள்

கப்பர்நகூமில் திமிர்வாதக்காரன் ஒருவனை நான்கு பேர் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து ஆண்டவர் முன் இறக்கினார்கள். அவன் தானாக வந்திருக்க முடியாது. மனச்சோர்வு உள்ளவரும் அப்படியே. எழுந்து உதவி தேடுகிற சக்தியைத்தான் அந்த வியாதி முதலில் எடுத்துக்கொள்கிறது. கட்டிலின் ஒரு மூலையைக் கேள்வி கேட்கிற நர்சு பிடித்திருக்கிறார். ஒரு மூலையை மருத்துவர். ஒரு மூலையைத் திரைக்கு அப்பால் இருக்கும் ஆலோசகர். நான்காவது மூலை சபையாராகிய உங்களுடையது.

ஆகையால் இந்த ஆண்டு உங்களிடம் கேட்பது இவை. ஒன்று, இரண்டாவது கிளை நிலையத்துக்கு ஓர் ஆலோசகரை நியமிக்க அவருடைய மாதச் சம்பளம். இரண்டு, மருந்து வாங்கவும் பேருந்துக் கட்டணத்துக்கும் இயலாதவர்களுக்கென ஒரு சிறு நிதி. இதில் உங்களுக்கு ஒரு குறை உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். மின்விசிறியிலும் பெஞ்சிலும் "உபயம்" என்று பெயர் எழுதலாம். ஓர் ஆலோசகர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிற முக்கால் மணி நேரத்தில் பெயர் எழுத இடமில்லை. அந்தரங்கத்தில் பார்க்கிற பிதா பார்க்கிறார்.

மூன்றாவது, பணம் வேண்டாத காணிக்கை. உங்கள் சபையில் யாராவது வழக்கமாக உட்காருகிற இடத்தில் சில வாரங்களாகக் காணப்படவில்லையானால் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். உபதேசம் வேண்டாம், முதலில் கேளுங்கள். சாப்பிட ஏதாவது கொண்டுபோங்கள். ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு, "நாளைக்கு நானும் கூட வருகிறேன், டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாம்" என்று சொல்லுங்கள். தூதன் எலியாவுக்குச் செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

ஜெபிப்போம். எங்கள் பரம பிதாவே, சூரைச்செடிகளின் கீழ் சோர்ந்து கிடக்கிற உம்முடைய பிள்ளைகளை நீர் அறிந்திருக்கிறீர். அவர்களைத் தட்டி எழுப்பும் கைகளாக எங்களைப் பயன்படுத்தும். கொடுக்கிறவர்களையும், கேட்கிறவர்களையும், இன்றிரவு தூக்கமின்றித் தவிக்கிறவர்களையும் உம்முடைய கரத்தில் ஒப்புவிக்கிறோம். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.